டெங்கு என்று சொல்லிவிட்டோம்

எங்கள் வீட்டில் யாருக்கும் டெங்கு வரவில்லை. ஆனால் பப்பாளி இலைச்சாறு போத்தல் போத்தலாக வந்தது. கரும்பச்சை நிறம், மூடியைத் திறந்தாலே முகம் கோணும் கசப்பு. ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த சின்ன அலுமாரியில் வேறொன்றும் வைக்க இடமில்லாமல் போயிற்று. வராத நோய்க்கு மருந்து குடித்த ஆள் என் மச்சான் சுதன். அந்த நோயை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

சுதன் என் மனைவி மலரின் தம்பி. முப்பத்தொரு வயது. கட்டாரில் ஏ.சி. திருத்தும் வேலை பார்த்துவிட்டு, அது முடிந்து ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் குருக்கள்மடத்து வீட்டில்தான் இருக்கிறான். 'எங்கள் வீடு' என்று எழுதுவது பழக்கதோஷம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேரவேண்டியது. அது மலரின் வீடு, சுதன் பிறந்த வீடு. நான் அங்கே மிக நீண்டநாள் தங்கிவிட்ட விருந்தாளி.

நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் அவனுக்கும் பகிடிதான். கலியாணத்தன்றே, எட்டு வயதுப் பொடியன், என் வேட்டி அவிழப்போகிறதென்று காதுக்குள் சொல்லி, மணவறையில் என்னை இரண்டுதரம் குனியவைத்தான். அத்தானும் மச்சானும் பகிடி விடாமல் பேசினால், ஊரில் "என்ன, ரெண்டு பேருக்கும் கோவமா?" என்று கேட்பார்கள். நான் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று பெயரெடுத்ததில் பாதி அவனிடமிருந்து களவெடுத்தது. கட்டாரிலிருந்து வந்து அவன் பேச்சுக் குறைந்தபோது நான் பகிடியைக் கூட்டினேன். அறைக்குள்ளேயே கிடந்தபோது "மாப்பிள்ளைக் கோழி அடை கிடக்குது" என்றேன். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

ஒரு பின்னேரம் அவன் உயிரை விடப் பார்த்தான். எப்படி என்று எழுதமாட்டேன். அதைத் தெரிந்து ஒருவருக்கும் நன்மையில்லை, சிலருக்குக் கெடுதலும் வரலாம் என்று பிறகு டொக்டர் சொன்னார். மலர்தான் கண்டாள். ஆட்டோவில் ஏற்றினோம். நகரத்துப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் தெரியுமா? அடுத்த வாரம் கறண்ட் பில் கட்ட வேணும், நீதான் போகவேணும் என்றாள். திரும்பத் திரும்ப அதையே.

நான் வாசித்த புத்தகங்களில் இப்படியான இடங்களில் ஆட்கள் நல்ல வசனம் பேசுவார்கள். நான் ஆட்டோக்காரரிடம் "ஹோர்னை அடியுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் ஏற்கனவே அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவசரப் பிரிவில் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு நாங்கள் வெளியே நீட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். என் போன் அடித்தது. மலரின் பெரியம்மா, உன்னிச்சையிலிருந்து. ஊரில் யாரோ ஆட்டோவைக் கண்டு சொல்லியிருக்கிறார்கள். "என்ன மனே, சுதனுக்கு என்ன?" என்று கேட்டார். நான் மலரைப் பார்த்தேன். மலர் தலையை ஆட்டினாள், சொல்லவேண்டாம் என்று. சுவரில் நுளம்புப் படம் போட்ட ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. என் வாய் "டெங்கு" என்றது. கற்பனையால் பிழைக்கிறவன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவனுக்கு, அவசரத்துக்கு எட்டியது எதிர்ச்சுவர் வரைக்கும்தான்.

நாங்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. எங்களிடையே இப்படியான காரியம் நடந்தால் வேறொரு நோயின் பெயரால்தான் அது வெளியே போகும். வயிற்றுக் குத்து, நெஞ்சுவலி, சாப்பாடு நஞ்சாகியது. குடும்பத்தின் மானம், நாளைக்கு அவனுக்கே பேசவேண்டிய கலியாணம், எல்லாம் கணக்குத்தானே. கேட்கிறவர்களுக்கும் பாதி தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரிக் கேட்பதுதான் மரியாதை.

ஆனால் டெங்கு என்பது சாதாரணப் பொய்யல்ல, அதற்குத் தினமும் கணக்குக் காட்டவேண்டும். பிளேட்லெட் என்பது இரத்தத்தை உறையவைக்கும் சின்ன அணு. டெங்கு வந்தால் அது இறங்கும். அதை நாட்டில் எல்லோரும் படித்து வைத்திருக்கிறார்கள். காலையில் போன் எடுத்தால் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" நான் முதலில் கொஞ்சம் இறக்கினேன். அழுகைச் சத்தம் கேட்டதும் ஏற்றினேன். ஏற்றிய வேகம் கூடிவிட்டது, இரண்டாம் நாளே ஆள் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை. பயந்துபோய் மறுபடியும் இறக்கினேன்.

பிறகு வீட்டுக்குப் பி.எச்.ஐ. வந்தார், சுகாதாரப் பரிசோதகர். அக்கம்பக்கத்தார் முறைப்பாடு செய்திருக்கிறார்கள், டெங்கு வீடு, வளவைப் பாருங்கள் என்று. அவர் சிரட்டைகளைக் கவிழ்த்தார், கிணற்றடி வாளியை எட்டிப்பார்த்தார், என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரியிலயிருந்து எங்களுக்கு ஒரு அறிவித்தலும் வரல்லையே" என்றார். அவர்கள் கொஞ்சம் தாமதமாக அனுப்புவார்கள் போல என்றேன். புகை அடிக்கிற ஆட்கள் வந்து தெரு முழுக்க அடித்துவிட்டுப் போனார்கள். முன்வீட்டுக் கோழிகள் இரண்டு நாள் முட்டை இடவில்லை என்று முன்வீட்டுக்காரர் இன்றும் என்னிடம் சொல்கிறார்.

இதெல்லாம் வெளியே. உள்ளே, வாட்டில், சுதன் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தான். கையில் சேலைன் ஏறியது. நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத்துடிப்பைக் கடதாசியில் கோடாக வரைந்தார்கள். அதுதான் ஈ.சி.ஜி.; நோகாது, ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நோகும். காலையும் மாலையும் இரத்தம் எடுத்தார்கள். உள்ளுறுப்பு ஏதாவது பழுதுபட்டிருந்தால் உடனே தெரியாது, பிந்தித்தான் காட்டும், அதற்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்று தாதி மிஸ் விளங்கப்படுத்தினார். இன்னொன்றும் சொன்னார்: எந்த நேரமும் கட்டிலடியில் ஒரு ஆள் இருக்கவேண்டும், ரொயிலட்டுக்குப் போனாலும் கூடப் போகவேண்டும். ஆகவே நானும் மலரும் மாறி மாறி இருந்தோம். நான் இருக்கும் நேரம் ஒன்றும் பேசமாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே பாஷை பகிடி. அந்தக் கட்டிலடியில் அது நாக்கில் வரவில்லை.

பார்க்க வருகிறவர்கள் அவன் கையைப் பிடித்து, "நல்லா தண்ணி குடி மனே, நுளம்புக்குள்ள படுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் ஓம் ஓம் என்றான். காத்தான்குடியிலிருந்து றிஸ்வான் வந்தான், கட்டாரில் ஒரே அறையில் இருந்த சிநேகிதன். அவன் மட்டும் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலைப் பற்றி ஒன்றும் கேட்காமல், பின்னேரம் முழுக்கக் கட்டிலில் பக்கத்தில் இருந்து அவனோடு போனில் கிரிக்கெட் பார்த்தான்.

உடம்பு ஆபத்தைத் தாண்டியதும் மனநல டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவர். திரையை இழுத்து மூடிவிட்டு, ஆட்கள் இருக்கலாமோ, தனியப் பேசுவமோ என்று அவனைத்தான் கேட்டார். அக்கா இருக்கட்டும் என்றான். என்னைப் பார்த்து, "அத்தானும் இரிக்கட்டும். எழுதுறத்துக்கு ஏதாவது கிடைக்கும்" என்றான். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவன் விட்ட முதல் பகிடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டொக்டர் சுற்றிவளைக்கவில்லை. சாதாரணமாக, நெஞ்சு நோகுதோ என்று கேட்பதுபோலக் கேட்டார்: "தற்கொலை செய்யவேணும் எண்ட எண்ணம் இப்பவும் இருக்கோ?"

மலர் என் கையை நகம் பதியப் பிடித்தாள். அந்தச் சொல்லை நாங்கள் இருவரும் எங்களுக்குள்ளே கூட உச்சரித்திருக்கவில்லை. சொன்னால் அவனுக்கு நினைவு வந்துவிடும் என்ற பயம். அவன் அதை மறந்துபோய்க் கிடந்ததுபோல. நான் டொக்டரைத் தடுக்கக் கூட வாயெடுத்தேன். அதற்குள் சுதன், "ஓம். முந்தின அளவு இல்ல" என்றான். அவன் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். சுமையைக் கீழே வைக்காவிட்டாலும், கைமாற்றிப் பிடித்தவனைப்போல.

பிறகு டொக்டர் வெளியே எங்களுக்குச் சொன்னார், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உள்ளே போகாது, ஏற்கனவே இருந்தால் வெளியே வர ஒரு வாசல் கிடைக்கும் என்று. காரணம் ஒன்றைத் தேடி ஓடவேண்டாம் என்றும் சொன்னார். வேலை போனது, பேசிய கலியாணம் தட்டிப்போனது, நித்திரை இல்லாமல் போனது, எல்லாம் சேர்ந்ததுதான். அதோடு மனச்சோர்வு என்ற நோய், மருந்தும் பேச்சும் தேவைப்படுகிற நோய். அந்த எண்ணம் ஒரே அளவில் நிற்காது, ஏறும், இறங்கும். ஏறுகிற நேரத்தில் ஆளைத் தனிய விடாமலும், ஆபத்தானது ஒன்றும் கைக்கெட்டாமலும் பார்த்துக்கொண்டால் அது இறங்கிவிடும். இறங்கிய பிறகு பேசலாம்.

திரைக்குள்ளே அவன் சொன்ன இன்னொரு விசயம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாதக்கணக்காக அவன் இணையத்தில் ஒரு இடத்துக்குப் போய்வந்திருக்கிறான். சாக விரும்புகிறவர்கள் பொய்ப்பெயரில் கூடி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும் இடம். பெயரை எழுதமாட்டேன். நித்திரை வராத நாளொன்றில் போனில் எதையோ தேட, அது இதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அங்கே ஒரு ஆள் அவனோடு தினமும் எழுதியிருக்கிறார். எந்த நாடு, ஆணா பெண்ணா ஒன்றும் தெரியாது. சாப்பிட்டாயா, இன்றைக்கு எப்படி என்று விசாரித்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை அவனிடம் கடைசியாக யார் கேட்டோம் என்று மலரும் நானும் பிறகு யோசித்துப் பார்த்தோம். யோசித்துக்கொண்டே இருக்கிறோம்.

அந்த இடத்தைப் போய்ப் பார்க்கவேண்டாம் என்று டொக்டர் என்னிடம் சொன்னார். நான் பார்த்தேன். சுதன்தான் காட்டினான், கொஞ்சநேரம். ஏச்சும் வெறியும் நிறைந்த இடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. எங்கள் கோயில் நிர்வாகசபைக் கூட்டத்தில் அந்த மரியாதையில் கால்வாசி கிடைத்தால் நான் தலைவராக நிற்பேன். உன் முடிவை மதிக்கிறோம் என்றார்கள். உன் நோவு எங்களுக்கு விளங்குகிறது என்றார்கள். வீட்டாருக்குச் சொல்லாதே, அவர்கள் தங்கள் சுகத்துக்காக உன்னைப் பிடித்து வைப்பார்கள், டொக்டர்மாரை நம்பாதே. இதெல்லாம் அங்கே புத்திமதி. ஒரு ஆள் எழுதியிருந்தார், நாளைக்கு அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்று. அதற்குக் கீழே மட்டும் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கீழே வரிசையாக அன்பு. ஒருவனை இவ்வளவு கனிவாக வழியனுப்பி வைக்கலாம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

சாக விரும்புகிற ஒருவன் அங்கே தனியாக இல்லை என்று நினைக்கிறான். ஆனால் ஏறிய எண்ணம் இறங்குவதற்கு அங்கே ஒரு நிமிடமும் விடமாட்டார்கள். அதுதான் டொக்டர் சொன்ன ஆபத்து.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அந்த ஆள் எழுதினார், இன்னும் இருக்கிறாயா என்று. நலம் விசாரிப்பதுபோல் இருக்கிறது அல்லவா? அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடுமையான மறுமொழி எழுதி, இலக்கணத்தைத் திருத்தி, அனுப்பாமல் அழித்தேன். அந்த இடத்தைப் பற்றி இணையத்திலேயே முறைப்பாடு செய்தேன். உடனே இயந்திரம் ஒன்று நன்றி சொல்லி, உங்கள் அனுபவம் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்டது. மூடினாலும் வேறு பெயரில் திறப்பார்களாம். போனைப் பறித்து வாவியில் எறிந்துவிடலாமா என்று டொக்டரைக் கேட்டேன். பறித்தால் வேறு வழியால் போவார், உங்களுக்குத் தெரியாமல் போவார் என்றார். சுதனோடு பேசி, அவன் கையாலேயே விடவைக்கவேண்டுமாம்.

அன்று பின்னேரம் நான் கட்டிலடியில் இருந்தேன். பகிடி வராததால், அவனிடம் நேரே கேட்டேன், அங்கே என்னதான் இருக்கிறது என்று. அவன் அலுமாரியில் இருந்த போத்தல்களைப் பார்த்தான்.

"அங்க மட்டுந்தான் அத்தான் எனக்கு டெங்கு இல்ல" என்றான்.

மலர் வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை, கதிரையில் இருந்து நெடுநேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியிடம் போய், நாங்கள் இனி உண்மையைச் சொல்லட்டுமா, உனக்குச் சம்மதமா என்று கேட்டாள். அவன், "எல்லாருக்கும் வேணாம். பெரியம்மாக்குச் சொல்லு" என்றான்.

பெரியம்மா அடுத்தநாள் உன்னிச்சையிலிருந்து பஸ் ஏறி வந்தார். வேளாண்மை வெட்டு நடக்கிற நேரம், வயல்வட்டையில் ஆட்களை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் புதுப் போத்தல். அதை அவர் மூடி திறக்கத் தொடங்கும்போதே நான் பேச வாயெடுத்தேன். "நுளம்பு, பெரியம்மா, எங்கட கற்பனை" என்று ஏதோ ஒரு பகிடி என் வாயில் உருண்டது. மலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நிறுத்தினேன்.

"பெரியம்மா, தம்பிக்கு டெங்கு இல்ல" என்றாள். "அவன் சாகப் பாத்தவன்."

வாட்டில் மற்றக் கட்டில்களின் சத்தம் எல்லாம் அப்படியே இருந்தது. பெரியம்மா போத்தலையும் மூடியையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். சுதன் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். நான் எதிர்பார்த்ததெல்லாம் ஒரு ஒப்பாரி. அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ சொன்ன பிளேட்லெட்?" என்றார்.

பெரியம்மா கட்டிலில் ஏறி இருந்தார். ஒரு புத்திமதியும் சொல்லவில்லை, அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நேரமாகும் வரைக்கும் தடவிக்கொண்டிருந்தார். போகும்போது, "நாளைக்கும் வாறன் மனே" என்றார். "வெட்டு கிடக்குது பெரியம்மா" என்று சுதன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "கிடந்தா கிடக்கட்டும்" என்றார். வந்தார். பிறகு உண்மை தெரியவந்த இன்னும் இரண்டு சொந்தக்காரர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு விடுகிற நாளில் டொக்டர் அவனோடு இருந்து ஒரு ஏற்பாடு செய்தார். எண்ணம் ஏறினால் முதலில் என்ன செய்வாய், யாரிடம் போவாய், அவர் இல்லையென்றால் யார். ஒருவரும் இல்லையென்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு, எந்த நேரமென்றாலும், அல்லது உதவி எண்ணுக்கு. மருந்தெல்லாம் மலரின் பொறுப்பில், பூட்டில். அந்த இணையக் கணக்கைச் சுதனே றிஸ்வானுக்கு முன்னால் அழித்தான். அழித்துவிட்டு ஒரு மாதிரி இருந்தான், சிநேகிதனைப் பறிகொடுத்தவன்போல. நாங்கள் அதற்கும் ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது.

யாரிடம் போவாய் என்ற கேள்விக்கு முதலில் றிஸ்வான் என்றான். அடுத்தது அக்கா. மூன்றாவதுதான் நான். ஏன் அத்தான் கடைசி என்று டொக்டர் சும்மா கேட்டார்.

"அவர் பகிடி விடுவார்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, இடதுகைக்காரன் என்று சொல்வதுபோல் சொன்னான். இருபது வருடத்துக்கு மேலாக நான் கட்டி எழுப்பிய புகழ் அது.

வீட்டில் மாதங்கள் போகின்றன. நல்லாகிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி எழுதினால் பொய் சொல்லிப் பழகியவன் மறுபடியும் தொடங்கிவிட்டான் என்று மலர் சொல்வாள். சில நாள் சாப்பிடுகிறான், றிஸ்வானோடு காத்தான்குடிக்குப் போய் ஏ.சி. திருத்தி வருகிறான். சில நாள் அறைக் கதவு சாத்தியபடியே இருக்கும். நான் வெளியே நின்று கேட்பேன், உள்ளே அசைகிற சத்தம் வருகிறதா என்று. மீன்காரனோடு விலை பேசும்போதும் ஒரு காது அங்கேதான். வேறென்ன செய்யமுடியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் இல்லை. டொக்டருக்கும் முழுக்கத் தெரியாது. அவர் அதை ஒளிக்கவில்லை.

போன கிழமை கிளினிக் நாள். கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸுக்காக இருவரும் ரோட்டில் நின்றோம். அவன் சவரம் செய்திருக்கவில்லை. எனக்கு அதைப்பற்றி ஒரு பகிடி ரெடியாக இருந்தது, நல்ல பகிடி. அதை விழுங்கினேன். ஆஸ்பத்திரி டொக்டர் கேட்ட மாதிரியே கேட்கப் பார்த்தேன்.

"மச்சான், சாகிற எண்ணம் இப்ப வந்து இரிக்கா?"

ஒரு லொறி போனது.

"ஓம்" என்றான். "ரெண்டு நாளா."

என்ன சொல்லவேண்டும் என்று டொக்டர் சொல்லித் தந்த ஒன்றும் நினைவில் வரவில்லை. அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டேன், சந்தையில் பிள்ளையைத் தொலைத்துவிடுவோம் என்று பயந்தவன் பிடிப்பதுபோல். அவன் கையை இழுக்கவில்லை. பஸ் வந்தது. ஏறி இருந்தோம். நகரம் வரும்வரைக்கும் நான் கையை விடவில்லை. பக்கத்தில் நின்ற கொண்டக்டர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். இறங்கும்போது, டொக்டரிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்" என்றான். "நான் சொல்லுறன்."

பெயர் கூப்பிட்டதும் அவன் தனியே உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே வாங்கில் இருந்தேன். சொல்லுவானா, சொல்லமாட்டானா என்று எனக்குத் தெரியாது. கதவுக்கு அந்தப்பக்கம் அவன் குரல் கேட்டது. சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. நின்றுவிடுமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தான்.